வளைந்த கோடும் குண்டு பல்பும்



போன வாரம் பழவேற்காடு போய் வந்தேன். அங்கே பார்த்த ஒரு குண்டு பல்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். 1986-ல் என்னிடம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் மட்டும் கடைசிவரை கட்டாயம் படிக்க வேண்டும். உங்களில் ஒருவருக்கு நான் செய்த தவறு ஒன்றை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் மைக் செட்டின் கதை.

நாங்கள் பிறந்து வளர்ந்த குப்பத்தில் எது நடந்தாலும் மைக் செட் கட்டித்தான் நடக்கும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் விடியற்காலை நாலு மணிக்கே எல்.ஆர்.ஈஸ்வரி பாடத் தொடங்கிவிடுவார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் கூம்பு ஸ்பீக்கர். ஆனால் பாட்டு மட்டும் அதன் வேலை இல்லை. கடலில் காற்று மாறினால், ஏரி முகத்துவாரத்தில் நீரோட்டம் கூடினால், ஊர்க்கூட்டம் என்றால், யாராவது பிள்ளை காணாமல் போனால், அத்தனைக்கும் அந்தக் கூம்புதான் வாய். அப்போது போன் ஏது?

எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் செட்டு கட்டியவர் என் தாய்மாமன். ஊரே அவரைச் 'செட்டு மாமா' என்றுதான் கூப்பிடும். மாதா கோயில் செட்டும், மசூதி செட்டும், அம்மன் கோயில் செட்டும் பழுதானால் மூன்றும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அப்போது பாலம் கிடையாது. ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றி, மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல வைத்துப் படகில் ஏரியைக் கடந்து கொண்டுவருவார்கள்.

ஒலிபெருக்கி நம் பக்கத்துக்கு வந்த கதையும் பழையது. சென்னையில் 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமில்லாமல் 1927-ல் அது நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. 1940-ல் தில்லியில் தொடங்கிய அஹூஜா கம்பெனியின் ஆம்ப்ளிஃபயரும் கூம்பும் பிறகு இந்தியா முழுக்கப் பரவின. எங்கள் மாமாவிடம் இருந்ததும் அதுதான், வால்வு போட்டது.

வால்வு செட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது சொல்லிவிட்டுத்தான் சாகும். உள்ளே ஏதாவது தப்பாக இருந்தால் கண்ணாடிக்குள் தகடு சிவக்கும். பார்த்தவுடன் சுவிட்சை அணைத்துவிடலாம். மாமா இருட்டில் வால்வைப் பார்த்தே நோய் சொல்வார்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 2என்3055 என்று ஒரு டிரான்சிஸ்டர். மெக்கானிக்குகளுக்கு வெறும் '3055'. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ கம்பெனி 1960-களில் கொண்டுவந்தது. நாணயம் போன்ற வட்ட உலோகத் தொப்பி போட்டிருக்கும். வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டாம், எடை குறைவு, பேட்டரியிலும் ஓடும். எல்லாம் நல்லதுதான். ஆனால் டிரான்சிஸ்டர் சொல்லாமல் சாகும். அதற்குள் ஓடும் கரண்ட் எல்லை மீறினால் கண் இமைப்பதற்குள் கதை முடிந்துவிடும். பியூஸ் கம்பி உருகுவதற்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். 'பியூஸைக் காப்பாற்ற டிரான்சிஸ்டர் உயிரைக் கொடுக்கும்' என்று மெக்கானிக்குகள் சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு டிரான்சிஸ்டர் அடுத்ததை நேரடியாக இயக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் அதன் ஜோடி போகும், அதை இயக்கும் சின்ன டிரான்சிஸ்டர் போகும், பக்கத்து ரெசிஸ்டர் கருகும். கண்ணுக்குத் தெரிந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால், தெரியாத மூன்றாவது ஒன்று புதுசாகப் போட்ட இரண்டையும் தின்றுவிடும்.

மாமாவுக்கு அதுதான் நடந்தது. 1984-ல் ஐப்பசி மாதம் எங்கள் ஊர் செட்டு ஊமையானது. ஊர் வரிப்பணத்தில் 3055 ஒரு ஜோடி வாங்கிப் போட்டார். பிளக்கைச் சொருகினார். ஒரு சின்ன 'டப்', அவ்வளவுதான். மறுபடி ஒரு ஜோடி. மறுபடி 'டப்'. வால்வுக் காலத்து மனிதர், இருட்டில் சிவப்பைத் தேடிப் பழகிய கண். இதில் பார்க்க எதுவுமே இல்லை. மூன்றாவது ஜோடிக்கு ஊரில் பணம் கேட்க வெட்கப்பட்டு, செட்டைச் சாக்கால் மூடி வைத்துவிட்டார்.

அந்த நவம்பரில்தான் புயல் வந்தது. ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்தது. வடக்கே அவர்கள், தெற்கே நாம். ரேடியோ வைத்திருந்தவர்கள் எச்சரிக்கையைக் கேட்டார்கள். ஆனால் ஊர் முழுக்கச் சொல்ல வாய் இல்லை. பையன்கள் வீடு வீடாக ஓடினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். காற்றில் அது எவ்வளவு தூரம் கேட்கும்? என் சித்தப்பா இறால் வலையோடு ஏரிக்குள் நின்றிருந்தார். கூம்பு சத்தம் போட்டிருந்தால் ஏரி நடுவிலும் கேட்டிருக்கும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி கழுத்தளவுத் தண்ணீரில் கரையேறினார். வலை போயிற்று, படகு போயிற்று. உயிர் மிஞ்சியது எங்கள் அதிர்ஷ்டம். அதன் பிறகு மாமாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

புயல் முடிந்த மறுமாதம் உதிரி வாங்க ரிச்சி தெருவுக்குப் போனார். அங்கே ஒரு கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கேட்ட கேள்வி: "அண்ணே, நேரா கரண்ட்லயா சொருகினீங்க? நடுவுல ஒரு நூறு வாட்ஸ் பல்பு வைக்கலியா?"

ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட். சுவரிலிருந்து வரும் ஃபேஸ் கம்பி நேராக பிளக் பாயிண்டுக்குப் போகாமல், முதலில் குண்டு பல்புக்குள் நுழைந்து பிறகு போகும். நான் வகுப்பில் சொன்ன 'தொடர் இணைப்பு' இதுதான். மெக்கானிக் மொழியில் சீரிஸ் போர்டு. பழுது பார்த்த ஆம்ப்ளிஃபயரை முதல் முறை இதில்தான் சொருக வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கலப்பத்து பார்த்த படகை நேராகக் கடலுக்கு விடுவோமா? கரையோரத்தில் கயிறு கட்டி மிதக்கவிட்டு, தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்போம். கசிந்தால் இழுத்துக்கொள்ளலாம். பல்புதான் அந்தக் கயிறு.

சுவிட்சைப் போட்டவுடன் பல்பைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பளிச்சென்று மின்னி, பிறகு மங்கி அணைந்தாலோ, லேசான செம்மையில் நின்றாலோ செட்டு நலம். அந்த முதல் மின்னல், உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பும் நேரம். பல்பு மங்காமல் முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அணைத்துவிட்டுத் தேட வேண்டியதுதான். ஆனால் எதுவும் வெடித்திருக்காது. ஏனென்றால் 100 வாட் பல்பு வழியாக 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியருக்கு மேல் நிலையாக ஓட முடியாது. நேராகச் சொருகியிருந்தால் அதே ஷார்ட்டில் பல பத்து ஆம்பியர் பாய்ந்திருக்கும்.

சரி, பல்புக்குப் பதில் சாதாரண ரெசிஸ்டர் வைத்தால் என்ன? இங்கேதான் பல்பின் அருமை. 100 வாட் பல்பு முழுசாக எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள், 40 ஓம் பக்கம்தான் காட்டும். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூடாக ஆக மின்தடை கூடுகிறது. ஆகவே செட்டு நல்லபடி இருந்து குறைவாகக் கரண்ட் கேட்டால் பல்பு குளிர்ந்து வழிவிடும். தப்பாக இருந்து அதிகம் கேட்டால் சூடாகி வழிமறிக்கும். ஆளைப் பார்த்துக் கதவு திறக்கும் காவல்காரன் மாதிரி.

எல்லா பல்புக்கும் இந்தக் குணம் கிடையாது. எடிசன் 1879-ல் எரியவைத்த பல்பில் இருந்தது கரி இழை. கரி சூடானால் மின்தடை குறையும். நேர் எதிர். டங்ஸ்டன் இழைக்கு 1904-ல் காப்புரிமை வாங்கியவர்கள் ஹங்கேரியில் ஜுஸ்ட், ஹனமான் என்ற இருவர். உடைந்து உடைந்து போன அந்த உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியை 1910 வாக்கில் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் நம் வீட்டுக் குண்டு பல்பு.

வெளிச்சத்துக்காக வந்த பொருளை வேறு வேலைக்குத் திருப்பியவர்களும் உண்டு. 1939-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் ஹியூலட் சீரான ஒலி அலையை உண்டாக்கும் ஒரு கருவி செய்தார். அலை சில நேரம் பெருத்துப்போகும், சில நேரம் மெலிந்துபோகும். அதை அடக்க அவர் வைத்தது ஒரு சின்ன பல்பு. அலை பெருத்தால் பல்பு சூடாகும், மின்தடை கூடும், அலை தானாக அடங்கும். அந்தக் கருவியோடுதான் ஹியூலட்டும் நண்பர் பேக்கர்டும் ஒரு கார் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார்கள். வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேசியா' படத்துக்காக அதில் எட்டு வாங்கியது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் எச்.பி பிரிண்டரின் பரம்பரையைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் ஒரு பல்பு கிடைக்கும்!

மாமா ஊருக்குத் திரும்பி, சீரிஸ் போர்டு செய்து, மூன்றாவது ஜோடியைப் போட்டார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. அணைத்தார். தேடினார். ஷார்ட் ஆன சின்ன டிரான்சிஸ்டர் கிடைத்தது. மாற்றினார். பல்பு மின்னி மங்கியது. அன்று ராத்திரி கூம்பில் பாட்டு வந்தபோது மாமா திண்ணையில் உட்கார்ந்து அழுதார் என்று அத்தை பின்னால் சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1986. நான் வாத்தியாராகி அதிக காலம் ஆகவில்லை. ஓம் விதி பரிசோதனை. வழக்கமான கம்பிச்சுருள் அறுந்துபோயிருந்தது. ஒரு மாணவனுக்கு மட்டும் அதற்குப் பதில் டார்ச் லைட் பல்பைக் கொடுத்து, "இதிலேயே செய்" என்றேன். அவன் ஒழுங்காகச் செய்தான். 0.5 வோல்ட்டில் 0.12 ஆம்பியர். 2.5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர். வோல்ட் ஐந்து மடங்கு கூடியும் கரண்ட் இரண்டரை மடங்குதான் கூடியிருந்தது. வரைபடத்தில் கோடு நேராகப் போகாமல் வளைந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையால் அடித்து, 'பிழை. நேர்கோடு வர வேண்டும். மீண்டும் செய்க' என்று எழுதினேன்.

மறுநாள் அவன் கொண்டுவந்த தாளில் கோடு அழகாக நேராக இருந்தது. நான் 'நன்று' போட்டேன்.

அன்று அவன் பொய் எண்களை எழுதினான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்வதானால், அப்போதே கொஞ்சம் தெரியும். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, நேர்கோடு வந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். மின்தடை மாறாமல் இருக்க வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டவன். கையில் கொடுத்த பல்பு சூடாகி எரிகிறதே என்று யோசிக்கவில்லை. ஓம் அவர்களும் நம்மைப்போலப் பள்ளி வாத்தியார்தான், ஜெர்மனியில் கொலோன் நகரத்தில். 1827-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் பெரிய மனிதர்கள் பலர் முதலில் மதிக்கவில்லை. அப்படி அவமானப்பட்ட ஒருவரின் விதியை வைத்துக்கொண்டு, சரியாக அளந்த ஒரு பையனை நான் அவமானப்படுத்தினேன்.

அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் செட்டு மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தான். மாமா காலமான பிறகு பழவேற்காட்டில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. போன வாரம் என் பழைய டேப் ரெக்கார்டர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போனேன்.

"வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பெட்டியைத் திறந்தார். "உப்புக்காத்து சார், உள்ள எல்லாம் பச்சை பூத்துடுச்சு" என்று சுரண்டி, பற்றவைத்து, இரண்டு உதிரி மாற்றினார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பலகையை எடுத்தார். மாமாவின் பலகை. ஹோல்டர் மட்டும் புதுசு. சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று மின்னி, மங்கி, அணைந்தது.

"பாத்தீங்களா சார்? அணைஞ்சா நல்ல சேதி."

"இது ஏன் அப்படி ஆகுதுன்னு தெரியுமாப்பா?" வாத்தியார் புத்தி, கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "தெரியாம இருக்குமா சார்? கோடு வளையுதுல்ல, அதனாலதான். நேரா போச்சுன்னா இந்தப் போர்டு பாதி வேலைகூடச் செய்யாது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "மாமா மொதல்ல இத காட்டினப்பவே எனக்கு அந்த நோட்டுதான் சார் ஞாபகம் வந்துச்சு."

என்னால் பதில் பேச முடியவில்லை. அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த வளைந்த கோட்டை வைத்து மூன்று கோயில் செட்டையும் ஊர் செட்டையும் காப்பாற்றி வருகிறார். அவர் மேசையில் பழுது பார்த்த செட்டு ஒன்றுகூட 'டப்' என்று போனதில்லையாம்.

இது பெரிய விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். 2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? புதுச்சேரி பக்கத்து நல்லவாடு மீனவ கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. அங்கே ஒரு ஒலிபெருக்கி. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து கடல் பொங்குவதைச் சொல்ல, ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து மைக்கில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் தப்பித்தது. அன்று சுவிட்சைப் போட்டதும் அந்தச் செட்டு பேசியது. அவ்வளவுதான் வேண்டும். எங்கள் ஊரில் 1984-ல் அது பேசவில்லை.

வீட்டில் இந்தப் போர்டு செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை.

பல்பு செட்டைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியர் ஓடினாலே ஆபத்து. 100 வாட் பல்பு அதைப்போல பதினான்கு மடங்கு விடும். ஆகவே 'நடுவில் பல்பு இருக்கிறதே' என்று உள்ளே கை வைக்காதீர்கள். எர்த் கம்பியைப் பல்பு வழியாகக் கொண்டுபோகாமல் நேராகக் கொடுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி கட்டாயம் இருக்கட்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதல் சோதனையில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் முனையில் டி.சி வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். பல்பு நடுவில் இருக்கும்போது செட்டுக்கு முழு வோல்ட் கிடைக்காது. அதனால் சத்தத்தைக் கூட்டிப் பார்த்து 'பவர் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சின்ன செட்டுக்கு 40, 60 வாட். பெரிய செட்டுக்கு 100, 200. வால்வு செட்டில் ஹீட்டர் எப்போதும் கரண்ட் எடுக்கும், அதனால் பல்பு முழுசாக அணையாது, பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் வகை எஸ்.எம்.பி.எஸ் உள்ள செட்டுகள் சில இதில் ஸ்டார்ட் ஆகாமல் பல்பை விட்டுவிட்டு மின்னவைக்கும். அதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

எல்.இ.டி பல்பும் சி.எஃப்.எல்லும் இந்த வேலைக்கு உதவாது. அவற்றுக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை அல்ல. ஹாலஜன் உதவும், அதுவும் டங்ஸ்டன்தான்.

இதில்தான் என் மாணவருக்கு இப்போது கவலை. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு எல்.இ.டி. நல்லதுதான், கரண்ட் பில் குறைந்தது. ஆனால் குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது. "கோழிக்குஞ்சு வளக்கிறவங்களுக்குன்னு விக்கிற எடத்துலதான் சார் வாங்கறேன். ஒண்ணு பியூஸ் போனா அடுத்தது தேடி அலையணும்" என்றார்.

ஆகவே சொந்தங்களே, மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய அட்டைப் பெட்டியிலோ எரிகிற குண்டு பல்பு இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். 60, 100, 200 வாட் எதுவானாலும் சரி. என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த மாதம் பழவேற்காடு போகும்போது கொண்டுபோகிறேன்.

கூடவே ஒரு கிராஃப் தாளும் கொண்டுபோகப் போகிறேன். அவருடைய அந்தப் பழைய எண்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. கோட்டை வளைத்தே வரைந்து, கீழே சிவப்பு மையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பேர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன். அவர் இதைப் படித்தால் அவருக்குப் புரியும்.

தம்பி, அன்று நீங்கள் அளந்தது சரி. நான் போட்ட பிழைதான் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்